கூனனின் மறுபிறவி

டன்ஸ்டில் கம்பெனி கூனனைத் திரும்பக் கொண்டுவரப்போகிறது என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, எல்ம் ஸ்லூ ஊர் சர்ச்சில் பாஸ்டர் அதைப் பிரசங்கத்திலேயே சேர்த்துவிட்டார். லாசரு நாலு நாள் கல்லறையில் கிடந்தான், கூனன் முப்பது வருஷம் கிடந்தது, ஆண்டவர் கூப்பிட்டால் எதுவும் எழுந்து வரும் என்றார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த கம்பெனிக்காரர்கள் தலையைக் குனிந்து அதை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்கள்.

கூனன் என்பது டன்ஸ்டில் கம்பெனி முன்பு செய்துவந்த, வாத்து சுடுகிற துப்பாக்கி. தோட்டாக்களைப் போட்டுவிட்டால் போதும். ஒவ்வொரு வேட்டுக்கும் குழல் முழுவதும் பின்னால் ஓடி, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு முன்னால் வரும். உள்ளே அந்த ஓட்டத்துக்கு இடம் விட முதுகில் ஒரு கூன் வைத்திருந்தார்கள். எல்ம் ஸ்லூவில் பாதிப் பேர் கம்பெனியில் வேலை பார்த்தார்கள், மீதிப் பேர் நெல் போட்டார்கள். அறுவடை முடிந்து வயலிலும் ஓக் காட்டிலும் தண்ணீரைத் தேக்கிவிட்டால் வடக்கிலிருந்து வாத்துகள் வரும். அப்புறம் இரண்டு பாதியும் ஒன்றாகிப் படகேறிவிடும். சுடும் பருவம் தொடங்குகிற நாள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஈஸ்டருக்குக்கூட அங்கே அத்தனை மரியாதை கிடையாது.

நெல்டா ஸ்காகின்ஸ் அந்தப் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு செய்கிறவள். பிரசங்கம் நடந்த அன்று மத்தியானம் அவள் மகன் க்ளிண்ட் வழவழப்பான படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தான். தனக்கு ஒன்று பதிந்து வைத்தாயிற்று என்றான்.

"அப்பா துப்பாக்கிம்மா. அச்சு அசல்."

எல்லோரும் முதலில் பார்ப்பது கூனைத்தான். நெல்டா அதைப் பார்க்கவில்லை. விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தைப் பார்த்தாள். வளையத்துக்கு உள்ளே, விசைக்கு முன்னால், ஒரு சின்ன இரும்பு நாக்கு இருந்தது. அதுதான் சேஃப்டி. துப்பாக்கி வெடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் அதைப் பின்னால் இழுக்க வேண்டும். அதை இழுக்க வளையத்துக்குள் விரலை விட வேண்டும். சுடுகிறபோது தவிர விரல் போகவே கூடாத இடம் எதுவோ, சுடாமல் இருப்பதற்கும் அங்கேதான் போக வேண்டும். கம்பெனி ஆரம்பத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. அப்புறம் ஏதோ ஒரு வருஷம், ஒரு வார்த்தை சொல்லாமல் அதை வளையத்துக்கு வெளியே மாற்றியது. அதற்குள் பழைய கூனன்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தன. அதில் ஒன்று ஸ்காகின்ஸ் வீட்டில் இருந்தது.

"இது உள்ள இருக்கேடா," என்றாள்.

"அதுதாம்மா ஒரிஜினல். வெளிய இருந்தா அது கூனனே இல்ல." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் அப்பா மாதிரி அசட்டையா இருக்கமாட்டேம்மா," என்றான்.

நெல்டா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டாள்.

அவள் புருஷன் டாயில் அசட்டையாக இருக்கவில்லை. அவன் படகின் முன்பக்கம் உட்கார்ந்து, சுட்ட வாத்துகளைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தான். துப்பாக்கி அவன் தம்பி ஃபெரலிடம் இருந்தது. வேட்டை முடிந்துவிட்டதே என்று ஃபெரல் சேஃப்டியை இழுக்கப் போனான். குளிருக்குத் தடித்த கையுறை. ஒரு விரலுக்கான இடத்தில் இரண்டு விரல் அளவு துணியும் ரப்பரும் போயின. விசை அழுந்தி, வேட்டு அண்ணன் மேல் பாய்ந்தது. ஷெரிஃப் விபத்து என்றார், ஊரும் விபத்து என்றது. அந்தச் சொல் எவ்வளவு வசதியாக இருந்ததென்றால் யார் கையில் என்று யாருமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. க்ளிண்ட்டுக்கு அப்போது இரண்டு வயது. அப்பா கையிலேயே வெடித்தது என்று அவனாக நினைத்துக்கொண்டான். ஃபெரல் அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. க்ளிண்ட்டுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தான், பல்லுக்குக் கம்பி கட்டக் கூட்டிப் போனான், பட்டமளிப்புக்குக் கோட்டு வாங்கித் தந்தான். க்ளிண்ட்டுக்கு உலகத்திலேயே பிடித்த ஆள் சித்தப்பாதான். மகனைத் தடுக்க வேண்டுமென்றால் அந்த ஒரு ஆளை அவனிடமிருந்து பிடுங்க வேண்டும். நெல்டாவுக்கு அது முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கம்பெனியைத் தடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கம்பெனிக்குள் அதுவரை அவள் போனதில்லை. அதனால்தான் அப்படி நினைக்க முடிந்தது.

வாசலில் இருந்த பெண் மூன்று நிற அட்டைகளைக் காட்டி, வாங்குகிறவரா, சேகரிப்பவரா, வாரிசா என்று கேட்டாள். நெல்டா குறை சொல்ல வந்திருப்பதாகச் சொன்னாள். அதற்கு நிறம் இல்லை என்று அந்தப் பெண் மிகவும் வருத்தப்பட்டாள். வீட்டில் யாராவது கூனன் வைத்திருந்தார்களா என்று விசாரித்தாள். புருஷன் வைத்திருந்தார் என்றதும் முகம் மலர்ந்து, பொன்னிற அட்டையை நெல்டாவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதில் வாரிசு என்று இருந்தது.

மரபுப் பிரிவின் தலைவர் விட்லோ ப்ரேதரின் டையில் வாத்துகள் பறந்தன. அவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் கூனன் படுத்திருந்தது. அதற்கென்று தனியாக ஒரு விளக்கும், ஈரம் அளக்கும் கருவியும் இருந்தன. நெல்டா சேஃப்டியைப் பற்றிக் கேட்டாள். அவர் கண்களை மூடித் திறந்தார்.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன மேடம், நீங்க நம்ம குடும்பம். புதுக் கூனன்ல குழல் ஓடாது. உள்ள இருக்கிற எல்லாமே வேற. பழைய மாதிரி செஞ்சா கட்டுப்படியாகாது. அந்தக் கூன் இருக்கே, அதுக்குள்ள ஒண்ணும் கிடையாது, காத்துதான். ஆனாலும் கூனுக்குன்னு ஒரு கமிட்டி போட்டு ரெண்டு வருஷம் உட்கார்ந்தோம். கூன் இல்லாம ஒண்ணு செஞ்சு காட்டினப்ப, தாடி வச்ச ஆம்பளைங்க அழுதாங்க."

"நான் கேட்டது அந்தச் சின்ன நாக்கைப் பத்தி."

"அதுக்குத்தான் வரேன். பழசுல மாறாம மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் மாத்திட்டா, நாங்க எதைக் காட்டி மரபுன்னு விக்கறது?"

அதனால்தான் தன் புருஷன் செத்தான் என்று நெல்டா சொன்னாள். ப்ரேதர் எழுந்து நின்று கையை நெஞ்சில் வைத்தார். அவர் நின்றதைப் பார்த்து, ஓரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணும் எழுந்து நின்றாள். கொஞ்ச நேரம் மூவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவர், பழைய சேஃப்டியோடு இத்தனை நெருக்கமான தொடர்புள்ள குடும்பம் இதுவரை தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லி அவள் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் பாதுகாப்புப் பிரிவில் அவளுக்கு நேரம் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டதும் நெல்டாவுக்கு நம்பிக்கை வந்தது. அங்கே இருந்தவள் ஓர் இளம் வக்கீல், மிஸ் கெஸ்லர். பாதுகாப்புப் பிரிவில் பொறியாளர் யாரும் இல்லை. கம்பெனியைப் பாதுகாக்கத்தான் அந்தப் பிரிவு என்று அவளே ஒளிவில்லாமல் விளக்கினாள். நெல்டாவுக்குக் காபி கொடுத்தாள், அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள், ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை வெளிய மாத்தறது ஒரு நாள் வேலை மேடம். பட்டறையில கேட்டேன், செலவுகூட கம்மிதானாம்."

"அப்ப மாத்துங்களேன்."

"எப்படி முடியும்? இப்ப மாத்தினா, உள்ள இருந்தது தப்புன்னு ஆயிடும். எத்தனையோ வீட்டுல பழைய கூனன் இருக்கு. அவங்ககிட்ட இருக்கிறது ஆபத்துன்னு நாங்களே சொன்ன மாதிரி. அந்த ஜனங்க மனசு என்ன பாடுபடும், சொல்லுங்க. பழசு சரிதான்னு காட்டறதுக்காகத்தான் புதுசையும் அப்படியே செய்யறோம்."

"முன்னாடி ஒரு தடவ மாத்தினீங்களே. அப்பவே அது தப்புன்னு தெரிஞ்சுதானே?"

"அதுக்குக் காரணம்னு எங்கயும் எதுவும் சொல்லலையே மேடம்," என்றாள் மிஸ் கெஸ்லர். அவள் குரலில் அந்தக் காலத்து வக்கீல்கள் மேல் உண்மையான மரியாதை இருந்தது.

நெல்டா வீட்டுக்கு வந்து ஃபெரலிடம் சொன்னாள். அவன் நெல் காயவைக்கும் கூடத்தில் வேலை முடித்துவிட்டு, தலையெல்லாம் உமித் தூசியோடு சமையலறையில் நின்றான். சேஃப்டி மறுபடியும் உள்ளே வருகிறது என்றதும் வலது கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவளுக்கு முன்னால் அந்தக் கையை அவன் மேஜைமேல் வைத்து அவள் பார்த்ததில்லை. க்ளிண்ட்டிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றான். வேண்டாம், கம்பெனியில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

"கேட்கறாங்களா அண்ணி?"

"ரொம்ப நல்லாக் கேட்கறாங்க. அதான் பயமா இருக்கு."

அக்டோபரில் படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். ப்ரேதர் அனுப்பியிருந்தார், நடந்ததை அவள் வாயால் சொன்னால் மேலே உள்ளவர்கள் கேட்டே ஆக வேண்டும் என்றிருந்தார். அவளை ஏரிக்கரையில், பனி விலகுகிற நேரமாகப் பார்த்து, டாயிலுடைய கோட்டுபோல ஒரு கோட்டைப் போர்த்தி உட்கார வைத்தார்கள். நெல்டா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். படகு, கையுறை, சத்தம், ஃபெரல் தன் அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தது. படம் எடுத்தவன் பண்பானவன். பிரமாதமாக இருந்தது, இன்னொரு தடவை சூரியன் வருகிற வரைக்கும் மட்டும் சொல்லுங்கள் என்றான். பிறகு தம்பி இல்லாமல் ஒரு தடவை கேட்டான். அப்புறம் வாத்துகள் மட்டும் இருந்தால் போதும் என்றான். கடைசியாகப் பேசாமல் ஏரியைப் பார்க்கச் சொன்னான். அதைத்தான் ரொம்ப நேரம் எடுத்தார்கள்.

நவம்பர் தொடக்கத்தில் ப்ரேதர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. அவள் சொன்னது வீண்போகவில்லை, மேலிடம் அசைந்துவிட்டது, சேஃப்டியில் மாற்றம் செய்யப்போகிறார்கள் என்றார். நெல்டா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியில் கொண்டுவருகிறார்களா என்று கேட்டாள். இல்லை, அந்த நாக்கின் மேல் பறக்கிற வாத்து ஒன்றைச் செதுக்கப்போகிறார்கள், நினைவுப் பதிப்பில் மட்டும் அதன் கீழே டாயில் என்ற பெயரும் வரும் என்றார் அவர். விளக்கப் புத்தகத்திலும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். வளையத்துக்குள் எப்போதும் விரலை விடக்கூடாது, சேஃப்டி போடும்போது தவிர. நினைவுப் பதிப்பின் முதல் துப்பாக்கியை விருந்தில் வைத்து க்ளிண்ட் கையில் தரப்போவதாகவும், அவனிடம் சொல்லியாயிற்று, பையன் அழுதுவிட்டான் என்றும் சொன்னார்.

எல்ம் ஸ்லூவில் எந்த நல்ல காரியத்துக்கும் துப்பாக்கியைத்தான் குலுக்கலில் விடுவார்கள். சர்ச்சுக்குக் கூரை வேண்டுமா, பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்குத் தாரை வேண்டுமா, யாருக்காவது புற்றுநோயா, விருந்து வைத்து, சீட்டு விற்று, ஒரு துப்பாக்கியை யார் தலையிலாவது கட்டுவார்கள். பருவம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கம்பெனி விருந்து. வெளியே ஐஸ் மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே வறுத்த கெளுத்தி மீன், வாத்துக் குழம்பு, சோறு. சமைத்தது நெல்டாவின் சமையலறைதான். ஆனால் அவளை அன்று கரண்டி தொட விடவில்லை. மேடைக்கு முன் மேஜையில் பொன்னிற அட்டையோடு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் க்ளிண்ட், புதிதாக முடிவெட்டி. அவனுக்கு அந்தப் பக்கம் ஃபெரல்.

பாஸ்டர் ஜெபம் செய்தார். கம்பெனித் தலைவர் ரேண்டல் டன்ஸ்டில் எழுந்தார். கம்பெனியை ஆரம்பித்தவரின் கொள்ளுப்பேரன். இறகு பட்டால் அவருக்கு மூச்சு இரைக்கும் என்பதால் வேட்டைக்குப் போனதே இல்லை.

"என் கொள்ளுத்தாத்தா கூனனைச் செஞ்சப்ப, ஒருத்தர்கிட்டயும் கேட்டுக்கல," என்றார். "நாங்களும் கேட்டுக்கல. இந்தத் துப்பாக்கி ஒரு குடும்பத்துக்குள்ள போச்சுன்னா, அந்தக் குடும்பம் அதை மறக்கவே முடியாது. அதுக்கு உயிருள்ள சாட்சி இங்க உட்கார்ந்திருக்காங்க. எதையும் கத்துக்காம, எதையும் மறக்காம, அப்படியே தொடர்ந்து செய்யறது, அதுக்குப் பேர்தான் டன்ஸ்டில்."

கைதட்டல் அடங்க நேரமானது. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். திரையில் ஏரி, பனி, நெல்டா. அவள் வாயிலிருந்து மூன்றே வாக்கியம் வந்தது. டாயிலுக்கு அந்தத் துப்பாக்கின்னா உசிரு. கடைசி வரைக்கும் அது அவங்க கூடவே இருந்துச்சு. நான் அதை நினைக்காத நாளே இல்ல. மூன்றும் அவள் சொன்னவைதான். அப்புறம் அவள் ஏரியைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், வயலின் வாசித்தார்கள். கூடத்தில் பலர் மூக்கைச் சிந்தினார்கள்.

அந்த இருட்டில்தான் ஃபெரல் பேசினான். மெதுவாகத்தான் பேசினான்.

"க்ளிண்ட். துப்பாக்கி என் கையிலதான் இருந்துச்சு."

"என்ன சித்தப்பா?"

"அன்னைக்கு. உங்கப்பா வாத்து கட்டிட்டிருந்தான். நான்தான் சேஃப்டி போட்டேன்." சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்து மேஜை விரிப்பின் மேல் வைத்தான். "போட்டேன்னுதான் நினைச்சேன்."

நெல்டா திரும்பவில்லை. திரையில் தன் முகம் இன்னும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வந்தபோது ஃபெரலின் நாற்காலி காலியாக இருந்தது. க்ளிண்ட்டின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து, தூக்கத்தில் நடக்கிறவன்போல மேடை ஏறினான். தலைவர் துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டினார். க்ளிண்ட் அந்தக் கூனைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து வளையத்தைப் பார்த்தான். நாக்கின்மேல் வாத்து பறந்தது, கீழே அவன் அப்பன் பெயர் இருந்தது.

"எனக்கு வேணாம் சார்," என்றான்.

நெல்டாவின் நெஞ்சு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, ஒரு முழு மூச்சை இழுத்தது. இதோ இப்போது யாராவது ஏன் என்று கேட்பார்கள், அவன் சொல்லுவான், ஊரே கேட்கும் என்று நினைத்தாள்.

யாரும் கேட்கவில்லை. தலைவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்த ஊரில் வேண்டாம் என்று விடப்பட்ட துப்பாக்கி குலுக்கலுக்குப் போகும், அது வழக்கம். இந்த வீரமான இளைஞன் தன் அப்பாவின் நினைவையே ஊருக்குக் கொடுத்துவிட்டான் என்று அறிவித்தார். கூடம் எழுந்து நின்று ஆரவாரித்தது. பாஸ்டர் கண்ணீரோடு க்ளிண்ட்டைக் கட்டிக்கொண்டார். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், பாஸ்டரின் கோட்டுக்குள் அது போய்விட்டது. சீட்டுகள் மளமளவென்று விற்றுத் தீர்ந்தன. பக்கத்துக் கவுண்ட்டியில் தீவனக் கடையில் வேலை செய்யும் டெரல் ஹிக்ஸ் என்ற பையனுக்கு விழுந்தது. அவன் மனைவி தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குதித்தாள்.

க்ளிண்ட் பக்கக் கதவு வழியாக வெளியேறி, ஐஸ் மழையில் ஃபெரலின் லாரியைத் தேடி ஓடினான். நெல்டா கூட்டத்துக்கு நடுவே கண்ணாடி வழியாகப் பார்த்தாள்; லாரி நகராமல் நின்றது, க்ளிண்ட் ஏறிக் கதவைச் சாத்தினான். அவளும் அங்கேதான் போக வேண்டும். ஆனால் முன்வாசல் வழியாகத் துப்பாக்கிப் பெட்டியைச் சுமந்துகொண்டு அந்தப் பையன் போய்க்கொண்டிருந்தான். அவள் அவன் பின்னால் போனாள்.

அவன் தன் வண்டியின் பின்கதவை இறக்கி, பெட்டியை அதன்மேல் வைத்துத் திறந்திருந்தான். நெல்டாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். படத்தில் பார்த்தேன், எங்க அம்மாவும் அழுதாங்க என்றான். நெல்டா சுற்றி வளைக்கவில்லை. இந்தத் துப்பாக்கியில் சேஃப்டி தப்பான இடத்தில் இருக்கிறது, அதனால்தான் என் புருஷன் செத்தார், படத்தில் அதை வெட்டிவிட்டார்கள் என்றாள். அவன் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினான். பெட்டியின் மூடியை அவள் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினான்.

"இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க மேடம். பின்னால பையனுக்குக் காட்டணும்."

நெல்டா பேனாவை வாங்கி மூடியில் எழுதினாள்: விரலை உள்ளே விடாதே. டெரல் அதை உதட்டை அசைத்துப் படித்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றான். அவன் மனைவி குழந்தையோடு வந்து எட்டிப் பார்த்தாள். குளிர் தாங்காமல் அவன் கையுறையை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து தூக்கினான்.

"அப்ப சேஃப்டி எப்படிப் போடறது மேடம்?" என்று கேட்டான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "இப்படித்தானே?"

கையுறையோடு அவன் விரல் வளையத்துக்குள் போனது, குழல் அவன் மனைவியின் பக்கம் இருந்தது. நெல்டா குழலைப் பிடித்து வானத்தைப் பார்த்துத் திருப்பினாள். டொக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"காலிதான் மேடம்," என்று சிரித்தான் டெரல்.

குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அவன் துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான். நெல்டா குழலை விடவில்லை.